திரைக்கு முன்னால் ஒரு தாழ்ந்த பலகை

வீடுகளில் திரை மாட்டும் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமாரே, போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, காப்பி ஆறுவதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார். "சாரே, ஒரு சின்ன ஹோம் தியேட்டருன்னா திரைக்கும் முதல் வரிசைக்கும் எவ்வளவு தூரம் விடணும்? ஒரு கணக்கு சொல்லுங்க, குறிச்சுக்கிடுகேன்." ஒரு கையில் போன். இன்னொரு கையில் சுவரில் சிவப்புப் புள்ளி அடித்துத் தூரம் சொல்லும் கருவி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வயதில் எனக்குக் கோபம் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, காப்பிதான் ஆறிப்போகும். கணக்கைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கணக்கு என்ன பெரிய கணக்கு? திரையின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்டே யாரையும் உட்கார வைக்காதே. ஆறு மடங்குக்கு அப்பால் யாரையும் தள்ளாதே. நடுக்கோட்டை விட்டு ரொம்பச் சரித்தும் உட்கார வைக்காதே. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புரொஜக்டர் பெட்டிக்குள் வந்த சின்னப் புத்தகத்திலேயே இது இருந்தது. பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் முக்கால்வாசி வீடுகளுக்கு அது போதும். மிச்சமுள்ள கால்வாசியைப் பற்றித்தான் என் பேச்சு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளத் தலைநகருக்கு வந்து, அங்கே பழவங்காடியில் ஒரு கடையில் சேர்ந்திருந்தேன். ரேடியோ, கிராமபோன், பதினாறு மில்லிமீட்டர் புரொஜக்டர், எல்லாம் விற்கும் கடை. விற்ற இடத்தில் போய் மாட்டிக் கொடுப்பது என் வேலை. விற்காத நாட்களில் வாடகைக்குப் படம் காட்டப் போவேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டினால் என் வேலை முடிந்தது. சனம் மலைச்சரிவில் வந்து உட்காரும். கழுத்து வலித்தவன் பின்னால் போவான், கண் எட்டாதவன் முன்னால் வருவான். முதல் ரீல் முடிவதற்குள் அவரவர் இடம் அவரவருக்குக் கிடைத்துவிடும். வீட்டுக்குள் அப்படி இல்லை. யார் எங்கே உட்காருவது என்பது, படம் வருவதற்குப் பல வருஷம் முன்பே அங்கே முடிவாகியிருக்கும்.

மாதேவன் பிள்ளை மர வியாபாரி. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், கிழக்கேகோட்டைக்குத் தெற்கே பெரிய வீடு. ஒரே மகள். அவளுக்கு நாகர்கோவிலில் சம்பந்தம் நிச்சயமாகி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் சம்பந்தி வீட்டார் ஒருநாள் விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. வீட்டின் பின்பக்கத்தில் பலகை அடுக்கி வைத்திருந்த நீள அறையைக் காலி செய்துவிட்டுப் பிள்ளை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"டே தாணு, சம்மந்தக்காரரு வீட்டுல ரேடியோகிராம் இருக்கு, காரு இருக்கு. சினிமா கெடையாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சு அண்ணாச்சி."

"சொவரு முழுக்கத் திரை வரணும். சோபாவ இங்க போடு, திரைக்கு ரெண்டு கெஜம். கச்சேரிக்குப் போனா பெரிய மனுசன் எங்க இருப்பான்? பாடுகவனுக்க மடியில இருப்பான். அது மாதிரி."

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு மரியாதை என்றால் முன்வரிசைதான். கல்யாணம், கச்சேரி, கதாகாலட்சேபம், எல்லாவற்றிலும் பெரியவர் முன்னால்தான் இருப்பார். அந்தப் பழக்கத்தைச் சினிமாவுக்கும் கொண்டுவந்த வீடுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்த அறைக்கு ஆறடித் திரைதான் தாங்கும், சுவர் முழுக்கத் திரை கட்டினால் படம் வெளிறிப்போகும் என்று சொல்லித் திரையை மட்டும் எப்படியோ குறைத்தேன். சோபா விஷயத்தில் அவர் அசையவில்லை.

"பொம்பிளையோ எங்க இருப்பாவ அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பக்கத்து அறையில இருந்து கதவு வழியாப் பாத்துக்கிடட்டும்."

"அங்கேருந்து பாத்தா மூஞ்சியெல்லாம் ஒடுங்கித் தெரியுமே."

"தெரியட்டு. அதுலயும் எனக்க வீட்டுக்காரிக்கு எங்க இருந்தா என்ன டே? காது கேக்காதுல்லா."

அவர் மனைவி செண்பகத்துக்குச் சில வருஷங்களுக்கு முன் விஷக்காய்ச்சல் வந்து, உயிர் தப்பி, காது போயிருந்தது. பிள்ளை சொன்னதில் வெறுப்பு எதுவும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல்தான் சொன்னார். நானும் சரியென்று தலையாட்டிவிட்டு அளவு எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் கழித்துத் திரையைக் கட்டினேன். மெஷினின் கடகடச் சத்தம் அறைக்குள் வராமல் இருக்க, பின்சுவர் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் அதை வைத்தேன். ஸ்பீக்கர் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, விருந்து நாளுக்கென்று வந்திருந்த படத்தில் ஒரு ரீலைச் சத்தமில்லாமல் ஓட்டினேன். பிள்ளை மரக்கடைக்குப் போய்விட்டார். குட்டன் ஆசாரி என்று ஒரு தச்சர் மூலையில் இழைத்துக்கொண்டிருந்தார். அப்போது செண்பக அக்கா உள்ளே வந்தார்.

வந்தவர் கதவோரம் நிற்கவில்லை. நேரே திரையைப் பார்த்து நடந்தார். நின்றார். கொஞ்சம் பின்னால் வந்தார். மறுபடி முன்னால் போனார். பக்கவாட்டில் நகர்ந்தார். கடையில் புடவை விரித்துப் பார்க்கிறவர்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப நகர்வார்களே, அப்படி. கடைசியில் ஓரிடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மெஷின் மேல் குனிந்தபடியே, "அக்கா, அவ்வளவு கிட்ட இருந்தா கண்ணு வலிக்கும்" என்றேன். பதில் இல்லை. உள்ளே போய் மறுபடி சொன்னேன், துணியின் சுருக்கத்தைச் சரி செய்துகொண்டே.

"திரும்பிப் பேசு தாணு. முதுகு பேசுனா எனக்குக் கேக்காது."

காது கேளாதவர்கள் சிலருக்குக் குரல் ஏறியிறங்காமல் ஒரே உரப்பில் வரும். அவருக்கும் அப்படித்தான். அறை முழுக்க நிறைந்தது. திரும்பினேன். அவர் என் வாயைப் பார்த்தார்.

"கண்ணு வலிக்கும்னேன்."

"வலிக்கட்டு. அந்தா மீசைக்காரன் என்ன சொல்லுகான் தெரியுமா? 'உன்னை நம்பித்தானே ஊரை விட்டு வந்தேன்'னு சொல்லுகான். அவ நம்ப மாட்டேங்கா."

எனக்கு மெய்யோ பொய்யோ தெரியவில்லை. மறுநாள் ஸ்பீக்கர் வந்ததும் முதல் வேலையாக அதே இடத்தை ஓட்டிக் கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை அதுதான். நம்பாமல் இன்னொரு தடவையும் ஓட்டிக் கேட்டேன்.

ஆனால் அன்றைக்கே அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் முக்கியம். "இந்த வீட்டுல எல்லாரும் நடந்துக்கிட்டே பேசுகாவ. அவிய செருப்பு மாட்டிக்கிட்டே பேசுவாவ. வேலைக்காரி குனிஞ்சு தூத்துக்கிட்டே பேசுவா. எனக்க மகதான் நின்னு, மூஞ்சியக் காட்டி, நிதானமாப் பேசுவா. அவ ஆவணியில போயிருவா. பொறவு யாரு எங்கிட்ட மூஞ்சியக் காட்டிப் பேசுவா? இந்தப் படத்துல உள்ளவங்கதான். எம்மாம் பெரிய மூஞ்சி பாரு! ஒதடு மொறம் அளவுக்குல்லா இருக்கு!"

"கொட்டகைக்குப் போய்ப் பாக்கலாமே அக்கா?"

"போனேன். பொம்பிளைகளுக்கு எடம் ஓரத்துல. ஒரு கன்னம்தான் தெரியும். கன்னத்த வச்சு நான் என்ன செய்யட்டும்?" என்றவர், உட்கார்ந்த இடத்தைக் கையால் தட்டினார். "இந்த எடம் எனக்கு வேணும். போட்டுத் தா."

குட்டன் ஆசாரி எழுந்து வந்து, அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோடு, புத்தகக் கணக்கைவிட நாலு அடி திரைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுவரை நான் எடுத்து வைத்த அளவெல்லாம் வீண். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவ்வளவு கிட்டே இருந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும், கழுத்து போய்விடும். அதனால் திரையை இரண்டு சாண் கீழே இறக்கினேன். அவர் நாற்காலியில் இருந்தால் பின்னால் உள்ளவர்களுக்குத் தலை மறைக்கும். அதனால் ஒரு தாழ்ந்த பலகை. திரையை இறக்கியதால் பின்வரிசைக்காரர்களுக்கு முன்னால் உள்ள தலைகள் இடிக்கும். அதனால் பின்னால் மரத்தில் ஒரு மேடை. மர வியாபாரி வீட்டில் பலகைக்கா பஞ்சம்? எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது. சோபா ஒன்றுதான் குறுக்கே கிடந்தது. அது கிடந்தால் கோடு அதன் அடியில் போய்விடும்.

நேராகவே போய்ப் பிள்ளையிடம் சொன்னேன். அக்கா உதட்டைப் பார்த்துப் படம் பார்ப்பார், முன்னால் இடம் வேண்டும் என்றேன்.

"நீ மெசின் மாட்ட வந்தியா, எனக்க வீட்டுல குடும்பம் நடத்த வந்தியா?" என்று கேட்டார்.

நான் விடுவதாக இல்லை. மறுநாள் அவரை அவருடைய சோபாவிலேயே உட்காரவைத்து ஒரு ரீல் ஓட்டினேன். பாதியில் பிடரியைத் தடவ ஆரம்பித்தார். இடமும் வலமுமாகக் கண் ஓடியது. படம் ரவையைக் கொட்டியதுபோல் பொரிப்பொரியாகத் தெரிந்திருக்கும்.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"வலிச்சா என்ன? சம்மந்திய பின்னால கொண்டு போய் இருத்துனா குறை சொல்ல மாட்டாரா?"

"நம்ம ஊரு தியேட்டருல தரை டிக்கெட்டு எங்க இருக்கு அண்ணாச்சி?"

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். அடுத்த விநாடி சோபாவிலிருந்து எழுந்துவிட்டார், தேள் கொட்டியதுபோல். "குட்டா! ஓடி வா, இதப் பிடி!" என்று கத்தினார். தன் கையாலேயே ஒரு முனையைத் தூக்கி, அந்தக் கனத்த தேக்குச் சோபாவைப் பின்னால் மேடைக்கு ஏற்றினார். நடுவில், சரியான தூரத்தில், வீட்டிலேயே நல்ல இடத்தில் அது போய் உட்கார்ந்தது. உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்றார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு தம்பிமாரே. வாடிக்கையாளருடைய கௌரவத்தோடு மோதாதீர்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமே தள்ளிவிடுங்கள்.

ஆனால் எல்லாச் சண்டையும் சாமர்த்தியத்தில் ஜெயிக்க முடியாது. குட்டன் ஆசாரி இரண்டு நாளில் நல்ல தேக்கில் தாழ்ந்த பலகை ஒன்று செய்துவிட்டார். நாலு விரற்கடை உயரம், முதுகுக்குச் சின்னச் சாய்வு. கோட்டின் மேல் வைத்து, தரைப்பலகையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டோம். "இனி ஆனை வந்து வலிச்சு இழுத்தாலும் இளகூல்ல சாரே" என்றார் ஆசாரி. அன்று மாலை பிள்ளை வந்து பார்த்தார்.

"இது என்ன?"

"செண்பக அக்காவுக்க எடம்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னை முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டே, நீ சின்னப் பய. உனக்குத் தெரியாது. அவ முன்னால இருப்பா. சம்மந்தி பின்னாலேர்ந்து ஏதாவது கேப்பாரு. அவ திரும்ப மாட்டா. மரியாதை இல்லாத பொம்பிளைன்னு நெனப்பாரு, இல்லன்னா ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டுவாரு. ரெண்டும் எனக்குச் சகிக்காது. கொஞ்சம் கேள்விக்கொறவுன்னுதான் சொல்லியிருக்கேன் அவிய கிட்ட. எனக்க பிள்ளைக்க கல்யாணம் டே."

எனக்கு அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. கெட்டவர் இல்லை, பயந்துபோன மனுஷர். இருந்தாலும் அந்தப் பலகையைப் பெயர்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அது வீட்டுக்காரி தன் வீட்டில் கேட்ட இடம்.

"அண்ணாச்சி, அந்தப் பலகையைப் பேத்தா திரையை மேல ஏத்தணும், மேடையப் பிரிக்கணும், சோபாவ எறக்கணும். அந்த அறையில எல்லாமே அந்தக் கோட்டுலேர்ந்து அளந்தது. நான் பேக்க மாட்டேன். கடையில சொல்லி வேற ஆள வரச் சொல்லுங்க."

விருந்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது, அது அவருக்கும் தெரியும். என் வேலை போய்விடும் என்று எனக்கும் தெரியும். "கெடக்கட்டு" என்றார் கடைசியில். "ஆனா அன்னைக்கு அதுல ஆரும் இருக்கக்கூடாது."

விருந்து நாள் வந்தது. சம்பந்தி ஓய்வுபெற்ற தாசில்தார். தோளில் ஜரிகை நேரியலும் கையில் வெற்றிலைச் செல்லமுமாக வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். மேடையையும் திரையையும் பார்த்து, "கொள்ளாமே! நல்லாருக்கே!" என்றார். பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆண்கள் மேடையில், பெண்கள் பக்கத்து அறைக் கதவோரம். முன்னால் அந்தப் பலகை காலியாகக் கிடந்தது.

"ம், போடு டே" என்றார் பிள்ளை.

நான் மெஷினைத் திறந்து லென்ஸைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"போடு டே!"

"இதோ, ஒரு நிமிசம் அண்ணாச்சி." ஃபிலிமைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"என்னடே தாமசம்?"

"மெசின் புதுசுல்லா, பைய செய்யட்டு" என்றார் சம்பந்தி. அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும்.

விளக்கை அணைத்துப் படத்தை ஆரம்பித்துவிட்டால், இருட்டில் அந்தப் பலகை வெறும் பலகையாகவே போய்விடும் என்று எனக்குத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று காலையில் அக்கா சொல்லியிருந்தார். வருகிறவரை ஃபிலிமை நூறு தடவை மாட்டவும் நான் தயார். மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. செண்பக அக்கா பட்டுப்புடவையில் வந்தார். பின்னால் மகள். விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. தலையைக் குனியாமல் அறைக்குக் குறுக்கே நடந்து வந்து, சம்பந்தியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, பலகையில் போய் உட்கார்ந்தார். மகளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. விளக்கை அணைத்தேன்.

முதல் ரீல் நன்றாக ஓடியது. இரண்டாவது ரீலில், அண்ணனைத் திருடன் என்று தம்பி குற்றம் சொல்லும் கட்டத்தில், சத்தம் டப்பென்று நின்றது. படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, பேச்சு இல்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சத்தத்துக்கென்று மெஷினுக்குள் ஒரு குட்டி பல்பு உண்டு, அது போய்விட்டது. பெட்டியில் இருந்த மாற்று பல்பை எடுத்துப் பார்த்தேன். கடையிலிருந்து வந்த அட்டையைப் பிரிக்கவே இல்லை, உள்ளே கம்பி அறுந்து கிடந்தது. அடப்பாவி என்று யாரைத் திட்டுவது?

மேடையில் சலசலப்பு. "நிப்பாட்டு டே! நிப்பாட்டு! மானத்த வாங்காத!" என்று பிள்ளை எழுந்து நின்று கத்தினார். நிறுத்தி விளக்கைப் போட்டேன்.

செண்பக அக்கா சட்டென்று திரும்பினார்.

"ஏன் தாணு நிப்பாட்டினே? நல்லாத்தானே ஓடிச்சு!"

அவர் கண் ஒவ்வொரு முகமாகப் போயிற்று, எந்த உதடாவது அசைகிறதா என்று. கணவர் முகத்தில் வந்து நின்றது. பிள்ளை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மறைத்து வைத்ததெல்லாம் ஒரே வார்த்தையில் நடுவீட்டில் வந்து விழுந்துவிட்டது. இந்தக் கல்யாணம் போயிற்று, என் வேலையும் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.

சம்பந்திதான் பேசினார், அக்காவின் முகத்தைப் பார்த்து. "சத்தம் போச்சுல்லா சம்மந்தி. ஒண்ணும் வெளங்கல்லியே!"

"சத்தமா போச்சு?" என்றார் அக்கா. "அதுக்கா நிப்பாட்டினான்? அண்ணன் களவாண்டுட்டான்னு தம்பி சொல்லுகான். 'நான் எடுக்கல்ல, அம்மாகிட்ட கேளு'ன்னு அண்ணன் சொல்லுகான். அம்மைக்கு உண்மை தெரியும். வாயத் தொறக்கப் போனா, அதுக்குள்ள இவன் நிப்பாட்டிட்டான்!"

சம்பந்தி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"பொறவு?" என்று கேட்டார்.

"பொறவு ஓட்டினால்லா தெரியும்!"

முதலில் சம்பந்தி சிரித்தார். பிறகு மேடை முழுக்கச் சிரித்தது. கதவோரத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே, கேட்க வசதியாக உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "ஓட்டு டே!" என்றார் சம்பந்தி. ஓட்டினேன். சத்தமில்லாத படம், திரையைப் பார்த்தபடியே அக்கா அதே உரத்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாகச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் திரும்பிய இடத்தில் "இங்க தெரியல்ல" என்று பட்டென்று சொல்லிவிட்டார். பின்னால் புது பல்பு போட்டுக் கேட்டபோது, சில இடங்களில் படத்தின் வசனத்தைவிட அவர் சொன்னதே நன்றாக இருந்தது.

"இங்க தெரியல்ல" என்று அவர் நாலைந்து தடவை சொன்ன பிறகு, பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜரிகை வேட்டியோடு பலகைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து படம் பார்த்தாரா, மனைவியைப் பார்த்தாரா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் ஆவணியில் நல்லபடியாக நடந்தது. மகள் நாகர்கோவிலுக்குப் போனாள். ஒரு வாரம் கழித்துப் பிள்ளை தாமே கடைக்கு வந்தார். ஆள் விட்டுக் கூப்பிடுகிறவர் நேரில் வந்ததும் எனக்குப் பயம்தான்.

"இன்னொரு பலகை வேணும் டே, அது மாதிரியே."

"எங்க போடணும் அண்ணாச்சி?"

"அவளுக்கு நேர எதுக்க."

"எதுக்கன்னா, திரைக்கு முதுகு காட்டியில்லா இருக்கும்?"

"இருக்கட்டு. படத்துல முதுகக் காட்டிப் பேசுகான், பாட்டு எங்கேருந்தோ வருகு, ஒரு மூஞ்சியும் தெரிய மாட்டேங்கு. அதையெல்லாம் அவளுக்கு யாரு சொல்லுவா? மக போயாச்சு."

குட்டன் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போனேன்.

கணக்குக் கேட்ட தம்பி, உமக்குத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பலகைக்குப் புத்தகத்தில் கணக்கு கிடையாது. திரைக்கும் அதற்கும் எத்தனை மடங்கு என்று எந்தக் கருவியும் சொல்லாது. அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் அளவு நாடாவை எடுக்கும் முன்னால் வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஒரு ரீல் ஓட்டி, அறையில் நடக்கவிடுவேன். யார் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். அளவெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நேரம் ஆகும் என்று முதலாளி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

அந்த இரண்டாவது பலகை போட்ட அன்று, முதலில் பிள்ளை சொன்னபடியே, நேர் எதிரே பலகையை வைத்து அவரை உட்காரவைத்தேன். மெஷினைப் போட்டதும் அக்கா தலையை ஆட்டினார்.

"மூஞ்சி இருட்டா இருக்கு."

ஆமாம், வெளிச்சம் பிள்ளையின் முதுகில் அல்லவா விழுகிறது! அதை நான் யோசிக்கவில்லை. பலகையை எடுத்து அக்காவுக்கு வலப்பக்கம், திரைக்குத் தோளைக் காட்டி, அவரைப் பார்க்கும்படி குறுக்கே திருப்பினேன். ஆசாரி திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை மறுபடி உட்கார்ந்தார். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் பாதியில் விழுந்தது. அவர் மனைவியைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, பெருங்குரலில் ஆரம்பித்து, எங்களைப் பார்த்ததும் கூச்சப்பட்டுக் குரலை அடக்கி, ஏதோ சொன்னார். ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்கும் ஆசாரிக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார். வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "தெரியுது, தெரியுது. இன்னும் மெதுவாச் சொன்னாலும் தெரியும்."